சின்டர் புஷ் தொல்லை கொடுத்தால் எங்கே தேடுவது?

டேபிள் ஃபேன், மிக்ஸி, தையல் மெஷின் மோட்டார் என்று சிறிய ஷாஃப்ட் சுற்றும் இடங்களில் வெண்கல சின்டர் புஷ் இருக்கும். ஷாஃப்ட்டைத் தாங்கும் சிறு வளையம் அது. உலோகப் பவுடரை டையில் (அச்சில்) பிரஸ்ஸால் அழுத்தி, ஃபர்னஸில் சூடாக்கித் துகள்களை ஒட்டவைத்து (இதுதான் சின்டர்), பின் சைசிங்கில் மறுபடி அழுத்தி அளவைச் சரிசெய்து, எண்ணெய் ஏற்றுவார்கள். கிரீஸ் நிப்பிள் கிடையாது, ஆயில் கப் கிடையாது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் ஓடும். அதன் உடம்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு வெறும் துளை, அந்தத் துளைகளில் எண்ணெய். ஷாஃப்ட் சுற்றிச் சூடேறும்போது எண்ணெய் வெளியே வந்து அதை நனைக்கிறது. நின்று ஆறியதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் துளைகள் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

ஆகவே இந்தப் புஷ்ஷில் துளைதான் சரக்கு. பவுடர் கலப்பது முதல் பேக்கிங் வரை எங்கே பிழை நடந்தாலும் அது கடைசியில் துளையைத்தான் தாக்கும்: ஒன்று துளையின் அளவு குறையும், அல்லது துளைகள் ஒன்றோடொன்று தொடராமல் துண்டிக்கப்படும், அல்லது வாய் அடைந்துபோகும். அதனால்தான் பிழை பிறக்கும் இடமும் அது கண்ணில் படும் இடமும் வேறுவேறாக இருக்கின்றன. பிரஸ்ஸில் நடந்தது ஃபர்னஸில் தெரியும், ஃபர்னஸில் நடந்தது எண்ணெய் ஏற்றும்போது தெரியும். நம் பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் முதலில் ஃபர்னஸ் டயலைத் திருப்புகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகத் தொட வேண்டியது. ஒரு டயலைத் திருப்பினால் அன்றைய சரக்கு முழுவதும் மாறும், பழைய பிழையின் தடயமும் அழிந்துவிடும்.

இங்கே எழுதுவது 90 சதவீதம் செம்பு, 10 சதவீதம் வெள்ளீயம் கலந்த சாதாரண வெண்கலப் புஷ் பற்றி. இரும்பு–செம்பு புஷ்ஷுக்கு வெப்பநிலையும் கணக்கும் வேறு.

எதற்கும் முன் தராசு

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை எடை போடுவது. மில்லிகிராம் காட்டும் தராசு ஒன்று இருந்தால் பாதி விசாரணை முடிந்த மாதிரி. ஒரு உதாரணப் புஷ் வைத்துக்கொள்வோம்: வெளிவிட்டம் 12 மி.மீ., உள்விட்டம் 8 மி.மீ., நீளம் 12 மி.மீ. இதன் கன அளவு 0.754 க.செ.மீ. எண்ணெய் இல்லாத அடர்த்தி க.செ.மீ.க்கு 6.4 கிராம் என்றால் எடை 4.83 கிராம். துளையே இல்லாத வெண்கலத்தின் அடர்த்தி சுமார் 8.8. அப்படியானால் இந்தப் புஷ்ஷில் 27 சதவீதம் துளை. அதில் சில மூடிய துளைகள், அவற்றுக்குள் எண்ணெய் போகாது.

எண்ணெய் ஏறிய பின் 6.4 முதல் 6.8 அடர்த்தி வரும் ரகத்துக்குக் குறைந்தது 19 சதவீதம் எண்ணெய் வேண்டும், அதாவது கன அளவில் 19 சதவீதம். நம் புஷ்ஷுக்கு அது 0.143 க.செ.மீ., எடையில் 0.125 கிராம். ஒரு புஷ்ஷில் இதை அளப்பது கடினமாக இருந்தால் பத்தைச் சேர்த்துப் போடுங்கள். எண்ணெய்க்கு முன்னும் பின்னும் 1.25 கிராமாவது வித்தியாசம் வர வேண்டும்.

இந்த இரண்டு எடைகளையும் ஒவ்வொரு லாட்டுக்கும் நோட்டில் எழுதி வைத்தால் கீழே வரும் கேள்விகளில் பலவற்றுக்குப் பதில் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும். உலர்ந்த எடை சரி, எண்ணெய் குறைவு என்றால் பிரஸ்ஸை விட்டுவிடலாம். உலர்ந்த எடையே கூடுதல், அளவு மாறவில்லை என்றால் ஃபர்னஸையும் வேக்கம் பம்பையும் திட்டிப் பயனில்லை.

அறிகுறி: பிரஸ்ஸிலிருந்து வரும்போதே விரிசல்

விரிசல் எந்தத் திசையில் போகிறது என்று முதலில் பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லும்.

மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வளையம்போல ஓடும் விரிசல் என்றால், புஷ் டையிலிருந்து வெளியே வரும் நொடியில் உடைந்திருக்கிறது. அழுத்தத்தில் இருந்த பவுடர் டை வாயைத் தாண்டியதும் கொஞ்சம் விரியும். தாண்டிய பாதி விரிய, உள்ளே இருக்கும் பாதி விரியாமல் நிற்க, நடுவில் பிளக்கிறது. டை வாயில் கூர்மையான விளிம்பு இருந்தாலோ தேய்ந்து படி விழுந்திருந்தாலோ இது நிச்சயம் வரும். விரல் நகத்தை டைக்குள் விட்டு மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், தடுக்கினால் டையைப் பாலிஷுக்கு அனுப்ப வேண்டியதுதான். மேல் பஞ்ச் லேசாக அழுத்திக்கொண்டே புஷ்ஷோடு சேர்ந்து மேலே வரும்படி செட் செய்தால் விரிசல் வெகுவாகக் குறையும்.

உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்தால் அழுத்தம் மிகுந்திருக்கிறது, அல்லது காற்று வெளியேற வழியில்லை. இந்த வேலைக்கு 150 முதல் 300 மெகாபாஸ்கல் வரை போதும். நம் உதாரணப் புஷ்ஷின் வளையப் பரப்பு 63 சதுர மி.மீ., 200 மெகாபாஸ்கலுக்கு 1.3 டன்தான் வரும். பெரிய பிரஸ்ஸில் சிறிய புஷ் போடும்போது இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஸ்ட்ரோக் வேகத்தையும் குறைத்துப் பாருங்கள்.

விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தால் பவுடரைச் சந்தேகியுங்கள். துகள் உருண்டையாக இருந்தால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிடிக்காது. எலக்ட்ரோலிடிக் செம்புத் துகளும் நீரால் அடித்து உடைத்த துகளும் கரடுமுரடானவை, அவைதான் சின்டருக்கு முன் புஷ்ஷைச் சேர்த்துப் பிடித்திருக்கும். வழுக்கலுக்காகப் பவுடரில் கலக்கும் ஜிங்க் ஸ்டியரேட் முக்கால் சதவீதத்தைத் தாண்டினாலும் பிடிப்பு குறையும்.

நெடுக்காக ஒரே இடத்தில் கீறல் வந்தால், உள்துளையை உருவாக்கும் நடுக்கம்பியான கோர் ராடைக் கழற்றிப் பாருங்கள். செம்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: எடை ஆடுகிறது

காலையில் ஒரு எடை, மதியம் ஒரு எடை. இதுதான் எல்லாப் பட்டறைகளிலும் அடிக்கடி வருவது, அடுத்து வரும் பாதித் தொல்லைகளுக்குத் தாயும் இதுதான். நீளம் மாறாமல் எடை மட்டும் 0.05 கிராம் கூடினால் நம் புஷ்ஷின் அடர்த்தி 0.07 அளவுக்கு ஏறிவிடும். துளை அந்த அளவுக்குக் குறையும், சின்டரில் அளவு மாறுவதும் வேறாகிவிடும்.

டையில் பவுடர் கன அளவால்தான் நிரம்புகிறது, எடையால் அல்ல. பவுடரின் தளர்ந்த அடர்த்தி சுமார் 3, அழுத்தியது 6.4. ஆகவே 12 மி.மீ. புஷ்ஷுக்கு 25 மி.மீ. ஆழத்துக்குப் பவுடர் விழ வேண்டும், அதுவும் 2 மி.மீ. அகலமான வளையச் சந்துக்குள். பவுடர் சரளமாக ஓடாவிட்டால் அந்தச் சந்து ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் வெறுமையாக நிற்கும்.

ஓட்டத்தைச் சோதிக்க ஹால் புனல் இருக்கிறது. 50 கிராம் பவுடர் 2.5 மி.மீ. துளை வழியாக இறங்க எத்தனை நொடி என்று பார்ப்பது. புதிய டிரம் திறக்கும்போதெல்லாம் இதைச் செய்து எழுதிவைத்தால், எண் நகரும்போது எடை ஆடப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிரம்மைத் திறந்து போட்டால் ஓட்டம் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோயம்புத்தூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மூடியை இறுக்கி, டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஈரம் ஓட்டத்தை மட்டும் கெடுக்காது, செம்புத் துகளின் மேல் ஆக்சைடும் படரும்.

புனல் எண் சரியாக இருந்தும் எடை ஆடினால் ஹாப்பரைப் பாருங்கள். நிறைந்திருக்கும்போதும் அடியில் கொஞ்சம் இருக்கும்போதும் பவுடர் இறங்கும் அழுத்தம் வேறு. பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. பிரஸ்ஸின் அதிர்வு ஹாப்பருக்கு வந்தால் கலவை பிரியத் தொடங்கும். செம்பின் அடர்த்தி 9-ஐ ஒட்டி, வெள்ளீயம் 7.3, கிராஃபைட் சேர்த்திருந்தால் அது 2.2 மட்டுமே. லேசானது மேலே போகும். அப்போது எடை மட்டுமல்ல, கலவையே லாட்டின் தொடக்கத்தில் ஒன்றாகவும் முடிவில் ஒன்றாகவும் இருக்கும். ஹாப்பரைப் பிரஸ் உடம்பிலிருந்து பிரித்து தனி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மிக்சரில் கூடுதல் நேரம் ஓட்டினால் நன்றாகக் கலக்கும் என்று நினைப்பதும் தவறு. ஸ்டியரேட் துகள் மேல் பூசிக்கொண்டே போய்த் தளர்ந்த அடர்த்தியை ஏற்றிவிடும். மிக்சர் ஓடும் நேரத்தை ஒன்றாக வைத்திருப்பது முக்கியம்.

அப்புறம் ஃபில் ஷூ, அதாவது டைக்குள் பவுடரைக் கொட்டும் பெட்டி. டை மேல் நிற்கும் நேரம் குறைவாக இருந்தால் சந்து நிரம்பாது. கோர் ராடை முதலில் கீழே வைத்து, பவுடர் விழுந்த பின் மேலே எழுப்பினால் மெல்லிய சுவர்ப் புஷ்களில் நிரம்புவது நன்றாகச் சீராகும்.

அறிகுறி: சின்டருக்குப் பின் அளவு மாறிவிட்டது

முதலில் ஃபர்னஸுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் டயலை எதிர்ப்பக்கம் திருப்புவோம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிச் செம்புக்குள் ஊறிவிடும். அது இருந்த இடம் துளையாகும், செம்புத் துகள் பருக்கும். ஆகவே புஷ் முதலில் வளரும். வெப்பமும் நேரமும் கூடக்கூட துகள்களின் ஒட்டு பலப்பட்டு, புஷ் சுருங்கத் தொடங்கும். வழக்கமான வேலை 780 முதல் 830 டிகிரிக்குள், உச்சத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம்.

ஆகவே எல்லாப் புஷ்களும் ஒரே மாதிரி பெரிதாக வந்தால் வெந்தது போதவில்லை. பெல்ட் வேகம் கூடியிருக்கலாம், ட்ரேயில் சரக்கு அதிகம் குவித்திருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரி சிறிதாக வந்தால் வெப்பமோ நேரமோ மிஞ்சியிருக்கிறது, அல்லது புதிய டிரம்மில் செம்பு மிக நைசாக இருக்கிறது. நைசான செம்பு அதிகம் சுருங்கும், கரடான செம்பு வளரும்.

சில பெரிதாகவும் சில சிறிதாகவும் கலந்து வந்தால் மேலே சொன்ன எடை விஷயத்துக்குத் திரும்புங்கள். எடை குறைந்த புஷ் அதிகம் சுருங்கும். எடையும் ஒன்றாக இருந்து அளவு மட்டும் வேறென்றால் பெல்ட்டின் நடுவும் ஓரமும் ஒரே சூட்டில் இல்லை. ஒரு தெர்மோகப்பிளைச் சரக்கோடு சேர்த்து உள்ளே அனுப்பிப் பாருங்கள், சுவரில் இருக்கும் தெர்மோகப்பிள் சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை வடிவில் வந்தால் அது பிரஸ் தந்தது. இரு பக்கமும் அழுத்தும்போது நடுப்பகுதியில் அடர்த்தி குறையும், அது அதிகம் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் சிறுத்துக் கூம்பாக வந்தால் கீழ்ப் பஞ்ச் அழுத்தத்தில் பங்கெடுக்கவில்லை. இதற்கு ஃபர்னஸில் மருந்தே இல்லை.

840 டிகிரியை ஒட்டினால் பத்து சதவீத வெண்கலமே உருகத் தொடங்கும் எல்லை வந்துவிடும். புஷ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ ட்ரேயில் பட்ட இடம் தட்டையாகியிருந்தாலோ அங்கே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். சுவர் தெர்மோகப்பிள் 820 காட்டினாலும் நம்ப வேண்டாம்.

அறிகுறி: கொப்புளம், கரி, நிறமாற்றம்

கொப்புளமும் மேலே கரிப்பூச்சும் ஸ்டியரேட் வேகமாக ஆவியானதால் வருபவை. முன்சூடு பகுதியில் 400 முதல் 600 டிகிரிக்குள் அது மெதுவாகக் கிளம்ப நேரம் கொடுங்கள். வாயு, சூடான பகுதியிலிருந்து நுழைவாயில் பக்கம் ஓட வேண்டும். திசை மாறினால் ஸ்டியரேட் புகை உள்ளேயே போய்க் குளிர்ந்த பகுதியில் படியும்.

நீலமோ வானவில் நிறமோ தெரிந்தால் வெளிவாயில் பக்கம் காற்று புகுகிறது, அல்லது புஷ் முழுதாக ஆறாமல் வெளியே வருகிறது. நிறம் மேலோட்டமானது என்று விட்டுவிடாதீர்கள். துளைகளின் உள்சுவரிலும் ஆக்சைடு படிந்திருக்கும், அது எண்ணெயின் பாதையைச் சுருக்கும்.

வாயுக் கோட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஃபர்னஸுக்குள் காற்றுக்குப் பதிலாக விடும் பிளந்த அம்மோனியாவில் முக்கால் பங்கு ஹைட்ரஜன். ஃபர்னஸ் 750 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றாமல் அந்த வாயுவைத் திறக்கவே கூடாது. அவசரத்துக்கு இதில் விலக்கு இல்லை.

அறிகுறி: அழுத்திச் சோதித்தால் சீக்கிரம் உடைகிறது

புஷ்ஷைப் படுக்க வைத்து இரு தட்டுகளுக்கிடையே நசுக்குவதுதான் சோதனை. உடையும் சுமை, பலம் பெருக்கல் நீளம் பெருக்கல் சுவர்த்தடிமனின் வர்க்கம், அதை வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்த எண்ணால் வகுத்தது. 6.4 முதல் 6.8 ரகத்துக்குப் பலம் 180 மெகாபாஸ்கல். நம் புஷ்ஷுக்கு 864 நியூட்டன், சுமார் 88 கிலோ தாங்க வேண்டும்.

தாங்காவிட்டால் உடைந்த முகத்தைப் பாருங்கள். நன்றாக வெந்த வெண்கலம் பொன்னிறமாக இருக்கும். செந்நிறத் திட்டுகள் தெரிந்தால் செம்பு தனியாகவே நிற்கிறது, வெள்ளீயம் முழுதாக ஊறவில்லை. இங்கேதான் ஃபர்னஸ் நேரத்தைக் கூட்டுவது நியாயம். வெப்பத்தைக் கூட்டுவதைவிடப் பெல்ட்டை மெதுவாக்குவது நல்லது, அளவு சட்டென்று எகிறாது. நிறம் சரியாக இருந்து, ஆங்காங்கே கண்ணுக்கே தெரியும் பெரிய குழிகள் இருந்தால் வெள்ளீயத் துகள் கரடாக இருக்கிறது. ஒவ்வொரு பெரிய துகளும் தன் அளவுக்குக் குழி விட்டுப்போகும்.

அறிகுறி: உலர்ந்த எடை சரி, ஆனால் எண்ணெய் ஏறவில்லை

இதில் நிறையப் பேர் எண்ணெயையே மாற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் காரணம் காற்று. துளைக்குள் காற்று இருக்கும் வரை எண்ணெய்க்கு இடமில்லை.

வேக்கம் தொட்டியில் 60 முதல் 80 டிகிரி சூட்டில் எண்ணெய் இருக்க வேண்டும். காற்றை உறிஞ்சும்போது எண்ணெயில் குமிழி வரும், அது நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். குமிழி நின்ற பின் மெதுவாகக் காற்றைத் திறந்து, வெளி அழுத்தம் எண்ணெயைத் துளைக்குள் தள்ளும்படி புஷ்களை மூழ்கிய நிலையிலேயே விட்டுவையுங்கள். கூடையின் மேல் அடுக்கு எண்ணெய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த அடுக்கு காற்றைத்தான் திரும்ப உறிஞ்சும்.

குமிழி நிற்கவே இல்லையென்றால் இரண்டு சந்தேகம். மூடி ரப்பரில் கசிவு இருக்கலாம். பம்பை நிறுத்திவிட்டு கேஜ் முள் நகர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் புஷ்களில் ஈரம் இருக்கிறது. நீரில் கழுவிய சரக்கை 110 டிகிரி அவனில் காயவைக்காமல் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. வேக்கத்தில் நீர் கொதித்து நீராவியாக வந்துகொண்டே இருக்கும், மீதி எண்ணெயில் கலந்து அதையும் கெடுக்கும்.

தொட்டி சரி, ஈரமில்லை, ஆனாலும் 19 சதவீதம் வரவில்லை. அப்போது துளை வாய் மூடியிருக்கிறது, அல்லது கரி அடைத்திருக்கிறது. சைசிங்குக்கு முன் எடுத்த ஒரு புஷ்ஷையும் பின் எடுத்த ஒரு புஷ்ஷையும் ஒரே கூடையில் போட்டு ஏற்றிப் பாருங்கள். முன்னது குடித்து, பின்னது குடிக்கவில்லை என்றால் குற்றவாளி சைசிங். இரண்டுமே குடிக்கவில்லை என்றால் ஃபர்னஸின் முன்சூடு பகுதிக்குப் போங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

எண்ணெய் விஷயத்தில் சுருக்கமாக: ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் டர்பைன் ஆயில், பாகுத்தன்மை 68, பெரும்பாலான வேலைக்குப் போதும். வேகம் அதிகம், சுமை குறைவு என்றால் 32. மெதுவாகச் சுற்றிச் சுமை தாங்கும் இடத்துக்கு 100-க்கு மேல். கந்தகம் கலந்த கியர் ஆயில் செம்பை அரிக்கும். கிராஃபைட் துகள் மிதக்கும் எண்ணெய் துளை வாயை அடைக்கும். இரண்டையும் தொட வேண்டாம்.

அறிகுறி: எண்ணெய் இருக்கிறது, உள்துளை மட்டும் வறண்டிருக்கிறது

எண்ணெய் ஏறிய புஷ்ஷை நன்றாகத் துடைத்து ஒரு பல்பின் கீழே வைத்துச் சூடாக்குங்கள். எண்ணெய் உலோகத்தைவிட அதிகம் விரியும், துளைகளிலிருந்து முத்துமுத்தாக வெளிவரும். எங்கே முத்து வருகிறது என்று பாருங்கள். இரு முனைகளிலும் வெளிப்பக்கமும் வியர்த்து, உள்துளை மட்டும் வறண்டிருந்தால் அங்கே உலோகம் இழுபட்டுத் துளை வாயை மூடியிருக்கிறது.

சைசிங் கோர் ராடில் வெண்கலம் ஒட்டியிருக்கலாம். உலர்ந்த புஷ்ஷை அப்படியே சைசிங் செய்தால் இது சீக்கிரம் வரும், லேசாக எண்ணெய் காட்டிவிட்டுச் செய்வது நல்லது. சைசிங்கில் எடுக்கும் அளவும் முக்கியம். சின்டரில் அளவு அலைந்ததைச் சைசிங்கில் சரிக்கட்ட நினைத்தால் விட்டம் சரியாகும், துளை போகும். இந்தப் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிளக் கேஜில் பாஸ் ஆகிவிடுவதால் வாங்குபவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

துளை கொஞ்சம் மூடுவதெல்லாம் தவறு என்றும் சொல்ல முடியாது. வேகமாகச் சுற்றும் ஷாஃப்ட்டில் உள்துளையின் மேற்பரப்பு ஓரளவு இறுகியிருந்தால் எண்ணெய்ப் படலம் அழுத்தம் இழந்து துளைக்குள் திரும்பிப் போகாது. முழுதாக வறண்டுபோவதுதான் பிழை.

உள்துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்குவது இதே கேட்டைத்தான் செய்யும். மழுங்கிய கருவி எதுவுமே உலோகத்தைத் தேய்த்து மூடிவிடும். கடைசல் தவிர்க்க முடியாது என்றால் கூர்மையான கார்பைடு முனையில் மிக மெல்லிய வெட்டு மட்டும் போடுங்கள், பின் மறுபடி எண்ணெய் ஏற்றுங்கள். கிரைண்டிங் வேண்டவே வேண்டாம். உடைந்த கல் துகள் துளைக்குள் தங்கி ஷாஃப்ட்டை அரைக்கும்.

அறிகுறி: மாட்டியதும் ஷாஃப்ட் இறுகுகிறது

வாடிக்கையாளர் போனில் சொல்லும் முதல் குறை இதுவாகத்தான் இருக்கும். புஷ் தனியாக இருக்கும்போது கேஜில் சரியாகப் போயிருக்கும். ஹவுசிங்கில் அழுத்தி ஏற்றியதும் உள்விட்டம் சுருங்குகிறது. மெல்லிய சுவர்ப் புஷ்ஷைக் கனமான ஹவுசிங்கில் ஏற்றினால், இறுக்கத்துக்குக் கொடுத்த 0.03 மி.மீ. கிட்டத்தட்ட அப்படியே உள்விட்டத்தில் குறையும். இந்தக் கணக்கை டிராயிங்கிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

மாட்டும்போது ஷாஃப்ட்டைவிடச் சற்றே பெரிய, பாலிஷ் செய்த மேன்ட்ரலை உள்ளே விட்டு அழுத்தச் சொல்லுங்கள். புஷ் சுருங்கும்போது மேன்ட்ரல் அளவில் நிற்கும். சுத்தியலால் தட்டி ஏற்றும் இடங்களில் முனை நசுங்கி அங்கேயும் துளை மூடும். ஓடுவதற்கான இடைவெளி, ஷாஃப்ட் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை வைக்கலாம். 8 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 8 முதல் 16 மைக்ரான்.

அறிகுறி: சில மாதம் ஓடிய பின் கிறீச் சத்தம், சூடு, கறுப்புப் பசை

திரும்பி வந்த புஷ்ஷைக் கழுவாமல் வாங்குங்கள். கழுவிவிட்டால் சாட்சி போய்விடும்.

ஒரு முனையில் மேல்பக்கமும் மறுமுனையில் கீழ்ப்பக்கமும் பளபளவென்று தேய்ந்திருந்தால் இரண்டு புஷ்களும் ஒரே கோட்டில் இல்லை. கோளவடிவப் புஷ் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. முழுச் சுற்றிலும் கீறல் இருந்தால் ஷாஃப்ட்டைத் தடவிப் பாருங்கள். அது 0.2 முதல் 0.4 மைக்ரான் வழவழப்பில் இருக்க வேண்டும். மிருதுவான ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் சின்டர் புஷ்ஷோடு ஒத்துப்போவதில்லை, பிடித்துக்கொள்ளும்.

பழுப்பு நிறத்தில் வார்னிஷ்போல ஒட்டியிருந்தால் எண்ணெய் வெந்துவிட்டது. சாதாரண கனிம எண்ணெய்க்கு 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வேலை கொடுத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். சுமையைக் கணக்குப் போடுங்கள்: அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கினால் 1.75-ஐத் தாண்டக் கூடாது, அழுத்தம் மெகாபாஸ்கலில், வேகம் நொடிக்கு மீட்டரில். 8 மி.மீ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால் வேகம் 0.59. அப்போது தாங்கும் அழுத்தம் 3 மெகாபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. புஷ்ஷின் நிழற்பரப்பு (உள்விட்டம் பெருக்கல் நீளம்) 96 சதுர மி.மீ., ஆக 29 கிலோ. இது மேல் எல்லை, நீண்ட நாள் ஓட வேண்டிய மோட்டாரில் இதில் பாதிக்கும் கீழே நிற்பதுதான் புத்திசாலித்தனம். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியவர்கள் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டுவார்கள்.

குளிர்காலக் காலையில் மட்டும் கிறீச்சிட்டு, இரண்டு நிமிடத்தில் அடங்கினால் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது, மெல்லிய ரகத்துக்கு மாறலாம்.

கடைசியாக, தேய்மானமே இல்லாமல் புஷ் காய்ந்துபோய் வந்தால் அது ஓடுவதற்கு முன்பே காய்ந்திருக்கிறது. புஷ்களை அட்டைப்பெட்டியில் நேரடியாகக் கொட்டி வைத்தாலோ செய்தித்தாளில் பொதிந்தாலோ காகிதம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்டியின் அடியில் எண்ணெய்க்கறை தெரிந்தால் அந்த எண்ணெய் புஷ்ஷில் இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிய பிறகே அட்டைப்பெட்டி. மெக்கானிக்குகள் புதுப் புஷ்ஷைப் பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவிவிட்டு மாட்டுவதும் உண்டு, பேக்கிங் பையிலேயே தமிழில் பெரிய எழுத்தில் “கழுவக் கூடாது” என்று அச்சடியுங்கள். காய்ந்த சரக்கை எறிய வேண்டாம். எண்ணெயை 80 டிகிரிக்குச் சூடாக்கி, புஷ்களைச் சில மணி நேரம் மூழ்கவைத்து, அந்த எண்ணெயிலேயே ஆறவிடுங்கள். ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி எண்ணெயை இழுக்கும். மறுநாள் எடுத்து எடை போட்டு, நோட்டில் இருக்கும் பழைய எடையோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்பலாம்.